ஃபைபர் சேனல் கார்டு ஃபர்ம்வேர், டிரைவர், மல்ட்டிபாத்: எதை முதலில் புதுப்பிப்பது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் தரவு மையத்தில் லினக்ஸ் சர்வர்களையும் அவற்றுக்கான சேமிப்பகத்தையும் கவனித்து வருகிறேன். எங்களிடம் 14 சர்வர்கள் ரெட் ஹேட் லினக்ஸ் 7.9 பதிப்பில் ஓடுகின்றன. அந்தப் பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டதால், அனைத்தையும் 8ஆம் பதிப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவாகியுள்ளது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு ஃபைபர் சேனல் (சர்வரைச் சேமிப்பகத்தோடு இணைக்கும் வலையமைப்பு) போர்ட்கள் உள்ளன. ஒன்று ஏ ஃபேப்ரிக்குக்கும் மற்றொன்று பி ஃபேப்ரிக்குக்கும் (தனித்தனியான இரு சுவிட்ச் வலையமைப்புகள்) செல்கிறது. சேமிப்பகத்தில் இரண்டு கன்ட்ரோலர்கள் உள்ளன. ஆகவே ஒவ்வொரு லன்னுக்கும் (சேமிப்பகம் சர்வருக்குத் தரும் வட்டு) நான்கு பாதைகள் இருக்க வேண்டும். எட்டுச் சர்வர்களில் க்யூலாஜிக் 16 ஜிகாபிட் கார்டுகள், இரண்டில் க்யூலாஜிக் 8 ஜிகாபிட், இரண்டில் எமுலெக்ஸ், மிகப் பழைய இரண்டில் க்யூலாஜிக் 4 ஜிகாபிட் கார்டுகள் உள்ளன. நான்கு சர்வர்கள் சேமிப்பகத்திலிருந்தே பூட் ஆகின்றன. இரண்டு சர்வர்கள் சேர்ந்து ஆரக்கிள் தரவுத்தளக் கிளஸ்டராக இயங்குகின்றன.

சேமிப்பக நிறுவனம் தன் கன்ட்ரோலர் மென்பொருளையும் புதுப்பிக்கச் சொல்கிறது. மேலாளரோ கார்டு ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்), டிரைவர், மல்ட்டிபாத் (பல பாதைகளை ஒரே வட்டாகக் காட்டும் மென்பொருள்), சுவிட்ச், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமை இரவில் முடித்துவிட வேண்டும் என்று விரும்புகிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் ஏன் சரியில்லை என்பதை அவரிடம் காரணத்தோடு எடுத்துச் சொல்ல எனக்குப் போதிய அனுபவம் இல்லை. எந்த வரிசையில் செய்வது, எதை முன்கூட்டியே சரிபார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பொன்னி எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் தயக்கம் நியாயமானது. மேலாளரிடம் சொல்வதற்கான காரணத்தை முதலில் தருகிறேன். சேமிப்பக வலையமைப்பில் நாம் பணத்தைக் கொட்டி எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வாங்குவது, ஒரு பக்கத்தைக் கழற்றிப் பழுது பார்க்கும்போது மறுபக்கம் சுமையைத் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான். கன்ட்ரோலர் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது கன்ட்ரோலர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுதொடக்கம் ஆகும். அந்நேரத்தில் உங்கள் நான்கு பாதைகளில் இரண்டு இல்லாமல் போகும். அதே வேளையில் ஏ ஃபேப்ரிக் சுவிட்சும் புதுப்பிப்பில் இருந்தால் எஞ்சுவது ஒரே ஒரு பாதை. அந்த ஒற்றைப் பாதை, நீங்கள் அன்றைக்குத்தான் புதிய டிரைவர் ஏற்றிய போர்ட்டின் வழியாகச் செல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால், தவறு எந்த அடுக்கில் என்று அதிகாலை மூன்று மணிக்கு யாராலும் பிரித்தறிய முடியாது. ஒரே இரவில் இரண்டு அடுக்குகளைத் தொடக்கூடாது என்பதை நான் எழுத்துபூர்வமாகவே என் குழுவில் விதியாக வைத்திருக்கிறேன்.

அடுத்ததாக, இலக்கு என்ன என்பதைத் தீர்மானியுங்கள். இருப்பதிலேயே புதிய பதிப்பு எதுவோ அதை ஏற்றுவது இலக்கு அல்ல. ஒன்றோடொன்று சேர்த்துச் சோதிக்கப்பட்ட பதிப்புகளின் தொகுப்பே இலக்கு. சேமிப்பக நிறுவனங்கள் இதற்கென்றே பொருத்தப் பட்டியல் வைத்திருக்கின்றன: நெட்ஆப்புக்கு ஐ.எம்.டி., டெல் இ.எம்.சி.க்கு ஈ-லேப் நேவிகேட்டர், எச்.பி.இ.க்கு ஸ்பாக், ஐ.பி.எம்.முக்கு எஸ்.எஸ்.ஐ.சி. உங்கள் சேமிப்பகம், சுவிட்ச், கார்டு, இயங்குதளம் ஆகிய நான்கையும் கொடுத்தால், எந்த ஃபர்ம்வேரும் எந்த டிரைவரும் ஆதரிக்கப்படுகின்றன என்று அது காட்டும். அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கோப்பில் வையுங்கள். பின்னாளில் ஆதரவு கோரி அழைக்கும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

ஃபர்ம்வேரை எங்கிருந்து இறக்குவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். எமுலெக்ஸை 2015இல் அவாகோ வாங்கியது; அவாகோ 2016இல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. க்யூலாஜிக் 2016இல் கேவியமிடமும், கேவியம் 2018இல் மார்வெலிடமும் சென்றன. ஆகவே பழைய பெயரில் தேடினால் பழைய தளங்களும் ஐயத்துக்குரிய நகல்களும்தான் கண்ணில் படும். உங்கள் கார்டு சர்வர் நிறுவனத்தின் முத்திரையோடு வந்ததாக இருந்தால், அந்தச் சர்வர் நிறுவனம் வெளியிடும் ஃபர்ம்வேரையே பயன்படுத்துங்கள். பொதுப் பதிப்பை ஏற்ற முயல வேண்டாம்.

இந்த வரிசையை நான் பரிந்துரைக்கிறேன்: முதலில் சர்வர்கள், பிறகு சுவிட்சுகள், கடைசியில் கன்ட்ரோலர். புதிய டிரைவர் பழைய கன்ட்ரோலரோடு பேசுவது பெரும்பாலும் சிக்கலின்றி நடக்கிறது; பழைய டிரைவர் புதிய கன்ட்ரோலரோடு பேசும்போதுதான் நான் சிக்கல்களைக் கண்டிருக்கிறேன். ஆயினும் உங்கள் பொருத்தப் பட்டியல் இதற்கு மாறாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சுவிட்சுகளில் ஏ பக்கத்தை முடித்து, சில நாள்கள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பி பக்கத்தைத் தொடுங்கள்.

அந்த 4 ஜிகாபிட் கார்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரெட் ஹேட் 8இல் உள்ள க்யூலாஜிக் டிரைவரிலிருந்து, அத்தகைய கார்டுகளில் இருக்கும் ஐ.எஸ்.பி. 24 வரிசைச் சில்லுகளுக்கான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. நீங்கள் இயங்குதளத்தை உயர்த்திவிட்டு மறுதொடக்கம் செய்தால், கார்டு ஸ்லாட்டில் இருக்கும், லன்கள் இருக்காது. அந்த இரண்டு சர்வர்களுக்கும் புதிய கார்டு வாங்க இப்போதே கோரிக்கை வையுங்கள். இயங்குதளத்தை உயர்த்தும் லீப் கருவியின் முன்சோதனை அறிக்கையையும் எல்லாச் சர்வர்களிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நீக்கப்பட்ட டிரைவர்களையும் சாதனங்களையும் அது சுட்டிக்காட்டும்.

கருங்கல் எழுதியது:

பொன்னி அவர்கள் சொன்ன அனைத்தையும் வழிமொழிகிறேன். சேமிப்பகத்திலிருந்து பூட் ஆகும் அந்த நான்கு சர்வர்களைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நான் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் சர்வர்களை நான் கவனித்து வந்தேன். பழைய சேமிப்பகத்திலிருந்து புதியதற்கு மாறினோம். அதையொட்டி டிரைவரையும் மல்ட்டிபாத்தையும் புதுப்பித்து, மல்ட்டிபாத் கட்டமைப்புக் கோப்பையும் திருத்தினேன். சர்வர் நல்லபடியாக மேலே வந்தது. தரவுத்தள லன்கள் அனைத்திலும் நான்கு பாதைகள் இருந்தன. நான் பார்த்தது அவற்றை மட்டும்தான். திருத்திய கோப்பு இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட் ஆகும்போது முதலில் நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பு) போகவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கெர்னல் பூட் ஆகும் தொடக்க நொடிகளில் அது படிப்பது வட்டில் உள்ள கோப்பை அல்ல. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் அடைபட்டிருக்கும் பழைய நகலைத்தான். அந்தப் பழைய நகலுக்குப் புதிய சேமிப்பகத்தின் பூட் லன் அடையாளம் தெரியாது. அதனால் வட்டுத் தொகுதிகளை நிர்வகிக்கும் எல்.வி.எம். நான்கு பாதைகளில் முதலில் கண்ணில் பட்ட ஒன்றை நேரடியாகப் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே இயங்குதளம் இருக்கும் ரூட் கோப்பமைப்பை ஏற்றிவிட்டது. அதன்பின் மல்ட்டிபாத் சேவை தொடங்கியபோது அந்த வட்டு ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்ததால், அதைத் தன் பொறுப்பில் எடுக்க முடியவில்லை. இது பதிவுக் கோப்பில் ஒற்றை வரியாக இருந்தது.

ஆறு வாரங்கள் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு நாள் இரவு இரண்டு மணி அளவில் சுவிட்ச் ஒன்றை மறுதொடக்கம் செய்தார்கள். ரூட் கோப்பமைப்பு படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது. தரவுத்தள லன்கள் அத்தனையும் நலமாக இருக்க, சர்வர் மட்டும் உயிரிழந்து நின்றது. அவசரப் பிரிவின் பதிவு மேசையில் திரை உறைந்துபோய், செவிலியர்கள் நோயாளிகளின் பெயரை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான்கரை மணிக்குச் சர்வரை மீட்டோம். அந்த நோட்டுப் புத்தகத்தை மறுநாள் எனக்குக் காட்டினார்கள்; 31 பெயர்கள் இருந்தன.

ஆகவே மல்ட்டிபாத் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும், டிரைவரை மாற்றினாலும், டிராகட் கட்டளையால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்குங்கள். உருவாக்குவதற்கு முன் பழையதை வேறு பெயரில் நகலெடுத்து வைத்து, அதிலிருந்து பூட் ஆக ஒரு பதிவையும் மெனுவில் விட்டுவையுங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு எல்எஸ்பிஎல்கே கட்டளையை இட்டு, ரூட் தொகுதி எதன் மேல் அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அது மல்ட்டிபாத் சாதனத்தின் மேல் இருக்க வேண்டும், எஸ்.டி.ஏ., எஸ்.டி.சி. என்று தனிப் பாதை ஒன்றின் மேல் இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். பி.வி.எஸ். கட்டளையிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

லன்களுக்கு எம்பாத்-ஏ, எம்பாத்-பி என்று தானாக வரும் பெயர்களை நம்பியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அந்தப் பெயர்களை வைத்திருக்கும் பைண்டிங்ஸ் கோப்பு இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ஒரு விதமாகவும் வட்டில் வேறு விதமாகவும் இருந்தால், பூட் ஆகும்போது பெயர்கள் இடம் மாறிவிடக்கூடும். ஆரக்கிள் வட்டுகள் உள்ள இடத்தில் இது பேராபத்து. ஒவ்வொரு லன்னின் அடையாள எண்ணையும் எழுதி, அதற்கு நேரே நிலையான மாற்றுப்பெயர் ஒன்றைக் கொடுப்பதே நல்லது.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பொன்னி அவர்களின் முதல் பத்தியை அப்படியே மேலாளரிடம் காட்டினேன். மூன்று வார இறுதிகளாகப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். 4 ஜிகாபிட் கார்டுகளுக்கு மாற்றும் கேட்டுவிட்டோம்.

ஒரு சோதனைச் சர்வரில் தொடங்கியபோது வேறொரு குழப்பம் வந்தது. அது க்யூலாஜிக் 8 ஜிகாபிட் கார்டு உள்ள சர்வர். கார்டின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். கருவி வெற்றி என்று சொன்னது. மறுதொடக்கம் செய்து பார்த்தால் டிரைவர் பழைய ஃபர்ம்வேர் எண்ணையே காட்டுகிறது. மூன்று முறை செய்தும் அப்படித்தான். கார்டு பழுதாக இருக்குமோ?

நள்ளிரவுப்பணி எழுதியது:

கார்டு பழுதில்லை நண்பரே, கழற்ற வேண்டாம். க்யூலாஜிக் 8 ஜிகாபிட் கார்டுகளில், டிரைவர் ஏறும்போது முதலில் இயங்குதளத்தின் ஃபர்ம்வேர் அடைவில் உள்ள கோப்பைத் தேடி அதைக் கார்டில் ஏற்றுகிறது. அது கிடைக்காவிட்டால்தான் கார்டின் ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ளதை எடுத்துக்கொள்கிறது. உங்கள் 7.9 சர்வரில் ‘க்யூஎல்2500 ஃபர்ம்வேர்’ என்ற தொகுப்பு நிறுவப்பட்டிருக்கும். டிரைவர் காட்டும் எண் அந்தத் தொகுப்பில் உள்ள கோப்பின் எண். நீங்கள் ஃபிளாஷில் எழுதியது ஃபிளாஷில் பத்திரமாக இருக்கிறது, பயன்பாட்டுக்கு வரவில்லை, அவ்வளவே. டிரைவரின் ‘க்யூஎல்2எக்ஸ்எஃப்டபிள்யூலோட்பின்’ என்ற அளவுருவை 1 என்று வைத்தால் ஃபிளாஷுக்கு முன்னுரிமை கிடைக்கும். சேமிப்பகத்திலிருந்து பூட் ஆகும் சர்வரானால் அந்த மாற்றத்துக்குப் பிறகும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்க வேண்டும். உங்கள் 16 ஜிகாபிட் கார்டுகளில் இந்தக் குழப்பம் வராது. அவற்றில் ஃபிளாஷே முதலில்.

இதனால் பொருத்தப் பட்டியலோடு ஒப்பிடும்போது ஃபிளாஷ் கருவி காட்டும் எண்ணை அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர் காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னி எழுதியது:

நள்ளிரவுப்பணி அவர்கள் சொன்னதை நான் இதுவரை கவனித்ததில்லை; எங்கள் பழைய சர்வர்களில் நாளையே பார்க்கிறேன்.

வைகைக்கரைக்கு ஆரக்கிள் கிளஸ்டர் பற்றி எழுத விட்டுப்போயிற்று. அங்கே கவனிக்க வேண்டியவை காலவரம்புகள். ஒரு பாதை இறந்தால் அதன் மீதான வேலையை எவ்வளவு விரைவாக மறுபாதைக்குத் தள்ளுகிறோம் என்பதை ‘ஃபாஸ்ட் ஐ.ஓ. ஃபெயில்’ என்ற அளவு தீர்மானிக்கிறது. மல்ட்டிபாத்தில் அது இயல்பாக 5 விநாடிகள். எல்லாப் பாதைகளும் இறந்துவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை ‘நோ பாத் ரீட்ரை’ தீர்மானிக்கிறது. அதற்கு 12 என்று கொடுத்து, சோதனை இடைவெளி இயல்பான 5 விநாடியாகவே இருந்தால், சுமார் 60 விநாடிகள் காத்திருந்து பிறகு பிழையைத் திருப்பும். ‘க்யூ’ என்று கொடுத்தால் முடிவின்றிக் காத்திருக்கும். செயல்கள் கொல்ல முடியாத நிலையில் தொங்கி நிற்கும். ஆரக்கிள் கிளஸ்டரில் வோட்டிங் வட்டுக்கான (எந்தச் சர்வர் உயிரோடு இருக்கிறது என்று கிளஸ்டர் பார்க்கும் வட்டு) காலவரம்பு இயல்பாக 200 விநாடிகள். உங்கள் பாதை மாற்றம் அதற்குள் பலமடங்கு முன்னதாக முடிந்தாக வேண்டும். இல்லையேல் கிளஸ்டர் அந்தச் சர்வரை வெளியேற்றிவிடும்.

பழைய மல்ட்டிபாத் கோப்பை அப்படியே புதிய பதிப்புக்கு எடுத்துச் செல்வதையும் தவிர்க்க வேண்டும். யாரோ எப்போதோ ரெட் ஹேட் 6 காலத்தில் எழுதிய கோப்பு இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ‘கெட் யுஐடி கால்அவுட்’ (வட்டின் அடையாள எண்ணைப் பெறும் பழைய முறை) என்ற வரி இருந்தால் அது 7ஆம் பதிப்பிலேயே கைவிடப்பட்டது. சேமிப்பகத்துக்கென்று மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் அமைப்புகள் புதிய பதிப்பில் மேம்பட்டிருக்கும்போது, நம் பழைய வரிகள் அவற்றை மறைத்துவிடும். கோப்பில் எந்த வரி ஏன் இருக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால், சேமிப்பக நிறுவனத்தின் தற்போதைய பரிந்துரையை வைத்துப் புதிதாக எழுதுங்கள்.

இறுதியாக, புதுப்பிப்பைத் தொடங்கும் முன் ஒவ்வொரு சர்வரிலும் பாதைகளை எண்ணி எழுதிவையுங்கள். நான்கு என்று மனத்தில் நினைத்துக்கொண்டால் போதாது. லன் வாரியாக எண்ணுங்கள். பிறகு சுவிட்சில் அந்தச் சர்வரின் ஒரு போர்ட்டை முடக்கி, மறுபக்கத்தில் வேலை ஓடுகிறதா என்று பார்த்து, போர்ட்டை மீண்டும் திறந்து, எண்ணிக்கை பழையபடி திரும்புகிறதா என்று பாருங்கள். இதைப் பழைய மென்பொருளில் ஒருமுறையும் புதிய மென்பொருளில் ஒருமுறையும் செய்யாமல் நான் எந்தச் சர்வரையும் விடுவிப்பதில்லை.

வைகைக்கரை எழுதியது:

முதல் வார இறுதி முடிந்தது, நடந்ததைப் பதிவுசெய்கிறேன்.

8 ஜிகாபிட் கார்டில் நள்ளிரவுப்பணி அவர்கள் சொன்னதே காரணம். அளவுருவை மாற்றி இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கியதும் சரியான எண் வந்தது.

பாதைகளை லன் வாரியாக எண்ணச் சொன்னதற்குப் பொன்னி அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கிளஸ்டரின் முதல் சர்வரில் 23 லன்கள். நான்கு பாதை வீதம் 92 இருக்க வேண்டும், இருந்தன. இரண்டாவது சர்வரிலும் 23 லன்கள், ஆனால் எண்ணிக்கை 86 என்று வந்தது. தவறாக எண்ணிவிட்டேனோ என்று தாளில் ஒவ்வொன்றாகக் கோடிட்டு மறுபடி எண்ணினேன், 86தான். 20 லன்களில் நான்கு பாதைகள், கடைசியாகச் சேர்க்கப்பட்ட மூன்று லன்களில் இரண்டே பாதைகள். அந்த இரண்டும் ஏ ஃபேப்ரிக்கில் இருந்தன. சேமிப்பகத்தில் போய்ப் பார்த்தபோது, அந்த மூன்றையும் இணைத்தவர் தனியொரு போர்ட் குழுவில் இணைத்திருந்தார்; அந்தக் குழுவில் ஏ பக்கத்துப் போர்ட்கள் மட்டுமே இருந்தன. எங்கள் திட்டத்தின்படி அன்றிரவு 11 மணிக்கு அந்தச் சர்வரின் ஏ பக்கப் போர்ட்டைத்தான் முதலில் முடக்குவதாக இருந்தோம். மூன்றில் ஒன்று ஆரக்கிள் பதிவுக் கோப்புகள் இருக்கும் லன்.

அன்றைக்கு அந்தச் சர்வரைத் தொடவில்லை. ஞாயிறு காலையில் போர்ட் குழுவைத் திருத்தி, லன்களை மீண்டும் தேடவைத்து, 92 என்று வந்த பிறகு ஏ பக்கத்தை முடக்கிப் பார்த்தோம்; 46 பாதைகளில் தரவுத்தளம் தடையின்றி ஓடியது. திறந்ததும் 92. பி பக்கத்திலும் அதே முடிவு. இப்போது இந்தச் சர்வருக்கான இனிட்ராம்எஃப்எஸ் நகலை எடுத்து வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை இதில்தான் தொடங்குகிறோம். மீதி 12 சர்வர்களிலும் லன் வாரியான எண்ணிக்கையை இன்று மாலைக்குள் எடுத்து முடித்துவிடுவேன். குறை ஏதும் தெரிந்தால் இங்கேயே எழுதுகிறேன்.